ஓமோன் சோதனைக்கு நாள் பார்ப்பது எப்படி

கலியாணத்துக்கு, குடிபூரலுக்கு, கிணறு வெட்டுவதற்கு எல்லாம் பஞ்சாங்கம் புரட்டும் ஊரில், ஓமோன் சோதனைக்கு மட்டும் ஒருவரும் நாள் பார்ப்பதில்லை. சந்தைக்குப் போகிற வழியில் லாப்புக்குள் ஏறி இரத்தத்தைக் கொடுத்துவிட்டு, பின்னேரம் ரிப்போர்ட்டை எடுத்து, பக்கத்தில் அச்சிட்ட எல்லைக்குள் எண் கிடக்கிறதா என்று பார்ப்பதோடு காரியம் முடிந்துவிடுகிறது. பாலியல் ஓமோன்களுக்கு அது சரிவராது. சூல் வெளிவந்த பிறகு கூடும் ஓமோனான புரொஜெஸ்டெரோன் மில்லிலீற்றருக்கு 0.6 நனோகிராம் என்று வந்தால், மாதவிடாயின் மூன்றாம் நாளில் அது குறையில்லாத எண். 28 நாள் வட்டம் உள்ள பெண்ணுக்கு 21ஆம் நாளில் அதே 0.6 வந்தால், அந்த மாதம் சூல் வெளிவரவில்லை என்று பொருள். எந்த நாள், எத்தனை மணி, என்ன குளிசை போடுகிறார் என்ற மூன்றும் தெரியாத ரிப்போர்ட்டை வைத்து எந்த வைத்தியரும் திடமாக ஒன்றும் சொல்ல முடியாது.

ஏன் அப்படி என்பது விளங்க, இந்த ஓமோன்கள் உடம்பில் ஓடும் முறையைக் கொஞ்சம் பார்க்கவேண்டும்.

தாங்கியும் மோட்டரும்

மூளையின் அடியில் ஹைப்போதலமஸ் என்றொரு சிறு பகுதி உண்டு. அது ஜி.என்.ஆர்.எச். என்ற ஓமோனை விட்டுவிட்டுச் சுரக்கிறது. மாதவிடாய் வட்டத்தின் முற்பாதியில் 60 முதல் 90 நிமிடத்துக்கு ஒரு தரம். சூல் வெளிவந்த பிறகு மூன்று நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தரம். இந்த விட்டுவிட்டு வருவதில்தான் விஷயமே இருக்கிறது. 1978இல் ஏர்ன்ஸ்ட் நோபிலின் குழு குரங்குகளுக்கு இதே ஓமோனை இடைவிடாமல் ஏற்றிப் பார்த்தது. மூளைக்கு அடியில் தொங்கும் கபச்சுரப்பி வேலைசெய்வதை நிறுத்திக்கொண்டது. மணிக்கொரு தரம் என்று மாற்றிக் கொடுத்ததும் திரும்பச் சுரக்கத் தொடங்கியது. புரொஸ்டேட் புற்றுநோய்க்கு இன்று போடும் ஒருவகை ஊசி இந்தக் குணத்தையே பயன்படுத்துகிறது: தொடர்ந்து தூண்டியே சுரப்பியை அடக்கிவிடுகிறது.

ஜி.என்.ஆர்.எச். வந்து தட்டும்போது கபச்சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டை இரத்தத்தில் விடுகிறது. ஆணின் விதையில் எல்.எச். சொல்லி லெய்டிக் கலங்கள் டெஸ்டோஸ்டெரோன் செய்கின்றன, எஃப்.எஸ்.எச். சொல்லி செர்டோலிக் கலங்கள் விந்தணுக்களை வளர்த்தெடுக்கின்றன. பெண்ணின் சூலகத்தில் வேலை இரண்டு கைமாறுகிறது. எல்.எச். தூண்டலில், சூல் வளரும் சிறு பையான சூல்பையின் வெளிப்படைக் கலங்கள் கொலஸ்ரரோலிலிருந்து ஆண் வகை ஓமோன்களைச் செய்து உள்ளே கொடுக்க, உட்படைக் கலங்கள் எஃப்.எஸ்.எச். தூண்டலில் அவற்றைப் பெண் ஓமோனான ஈஸ்ட்ரடயோலாக மாற்றுகின்றன. பெண்ணுக்கு ஆண் ஓமோன் எங்கிருந்து வந்தது என்று பயப்படுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். அந்தக் கட்டத்தைத் தாண்டாமல் எந்தப் பெண்ணுடம்பிலும் ஈஸ்ட்ரடயோல் உண்டாவதில்லை. ஆணின் எலும்பு உறுதியாக இருப்பதற்கும், அவருடைய டெஸ்டோஸ்டெரோனில் ஒரு பங்கு ஈஸ்ட்ரடயோலாக மாறுவது முக்கிய காரணம்.

சரி, எவ்வளவு சுரக்கவேண்டும் என்று யார் தீர்மானிப்பது? வீட்டுக் கிணற்று மோட்டரையும் மேலே உள்ள தண்ணீர்த் தாங்கியையும் நினைத்துக்கொள்ளுங்கள். தாங்கி நிரம்பினால் மிதவை எழும்பி மோட்டர் நிற்கும்; தண்ணீர் இறங்கினால் மோட்டர் ஓடும். இரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோனோ ஈஸ்ட்ரடயோலோ கூடினால் மூளை எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டையும் குறைக்கும்; குறைந்தால் கூட்டும். ஆகவே தாங்கியின் அளவை மட்டும் பார்த்தால் போதாது, மோட்டர் எப்படி ஓடுகிறது என்றும் சேர்த்துப் பார்க்கவேண்டும். டெஸ்டோஸ்டெரோன் குறைவு, எல்.எச். கூட என்றால் மோட்டர் ஓடுகிறது, கிணற்றில் தண்ணீர் இல்லை, பழுது விதையில். இரண்டும் குறைவென்றால் மோட்டரே ஓடவில்லை. பழுது மூளைப் பக்கம்.

மாதத்தில் ஒரு தரம் மட்டும் இந்த ஒழுங்கு தலைகீழாகும். முதிர்ந்த சூல்பை சுரக்கும் ஈஸ்ட்ரடயோல் மில்லிலீற்றருக்கு 200 பிக்கோகிராமைத் தாண்டி ஏறக்குறைய இரண்டு நாள் அப்படியே நின்றால், மூளை அடங்குவதற்குப் பதிலாகப் பொங்கி எல்.எச்.ஐக் கொட்டும். அந்தப் பொங்கல் தொடங்கி 34 முதல் 36 மணித்தியாலத்தில் சூல் வெளிவரும். வெடித்த சூல்பை மஞ்சள் உடலாக மாறிப் புரொஜெஸ்டெரோன் சுரக்கும். கரு தங்காவிட்டால் அதன் ஆயுள் இரண்டு கிழமைதான். அது வாடியதும் மாதவிடாய்.

பெண்களுக்கு: எண்ணத் தொடங்கும் நாள்

முதலாம் நாள் என்பது நன்றாகப் போகத் தொடங்கிய நாள். அதற்கு முன் ஒன்றிரண்டு நாள் துணியில் கறை மட்டும் பட்டால் அதைக் கணக்கில் சேர்க்கவேண்டாம். இங்கே ஒரு நாள் பிசகினால் பின்னால் எல்லாம் பிசகும்.

எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ரடயோல் மூன்றும் 2ஆம் நாளிலிருந்து 5ஆம் நாளுக்குள், ஒரே குத்தில் எடுக்கவேண்டும். காசு மிச்சம் பிடிக்க எஃப்.எஸ்.எச்.ஐ மட்டும் எடுப்பவர்கள் உண்டு. அது வீண். சூலகத்தில் சூல் குறைந்து வரும் பெண்ணுக்குச் சில மாதங்களில் ஈஸ்ட்ரடயோல் வேளைக்கே ஏறி எஃப்.எஸ்.எச்.ஐ அமுக்கிவிடும், ரிப்போர்ட்டில் எஃப்.எஸ்.எச். 7 என்று அழகாக வரும். ஈஸ்ட்ரடயோல் 80 பிக்கோகிராமுக்கு மேல் இருப்பதைப் பார்த்தால்தான் அந்த 7ஐ நம்பக்கூடாது என்பது தெரியும். சூலகத்தில் எவ்வளவு சூல் மிச்சம் என்று காட்டும் ஏ.எம்.எச். சோதனைக்கு இந்த நாள் கணக்கு இல்லை, எந்த நாளிலும் எடுக்கலாம். ஆனால் கருத்தடைக் குளிசை அதையும் கொஞ்சம் தாழ்த்தும்.

புரொஜெஸ்டெரோனுக்குத்தான் ஆகக் கூடுதலான பிழை நடக்கிறது. வைத்தியரின் துண்டில் "21ஆம் நாள்" என்று எழுதியிருப்பது 28 நாள் வட்டத்துக்கு மட்டும் பொருந்தும். வட்டத்தின் முற்பாதிதான் ஆளுக்காள் நீண்டு குறுகும். பிற்பாதி பெரும்பாலும் இரண்டு கிழமையை ஒட்டியே நிற்கும். ஆகவே முன்னிருந்து எண்ணாமல் பின்னிருந்து எண்ணவேண்டும்: அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன். 35 நாள் வட்டமானால் 28ஆம் நாள். 24 நாள் வட்டமானால் 17ஆம் நாள். 35 நாள் வட்டக்காரி 21ஆம் நாளில் போனால், சூல் அன்றைக்குத்தான் வெளிவந்துகொண்டிருக்கும். எண் தாழ்வாக வரும். ஒரு குறையும் இல்லாத பெண் சூல் வெளிவரவில்லை என்ற பெயரோடு வீட்டுக்குப் போவாள். எடுத்த திகதியைக் குறித்து வைத்து, அடுத்த மாதவிடாய் எப்போது வந்தது என்று பாருங்கள். ஐந்து முதல் ஒன்பது நாளுக்குள் வந்திருந்தால் அந்த ரிப்போர்ட் செல்லும். இல்லாவிட்டால் அந்த எண்ணைக் கணக்கில் எடுக்கவேண்டாம். வட்டம் ஒழுங்கில்லாதவர்கள் 21ஆம் நாளில் ஒன்று, பிறகு மாதவிடாய் வரும்வரை கிழமைக்கு ஒன்று என்று எடுத்தால், கடைசி எண் பதில் சொல்லும்.

மில்லிலீற்றருக்கு 3 நனோகிராமுக்கு மேல் வந்தால் சூல் வெளிவந்திருக்கிறது. 5 வந்தவருக்கும் 16 வந்தவருக்கும் வித்தியாசம் பார்த்துக் கவலைப்படாதீர்கள். புரொஜெஸ்டெரோனும் விட்டுவிட்டுச் சுரப்பதால், ஒரே பெண்ணுக்கு ஒரே நாளில் சில மணித்தியால இடைவெளியில் எண் பல மடங்கு ஏறி இறங்கும்.

நாள் தள்ளிப் போயிருந்தால் ஓமோன் சோதனைக்கு ஓடுவதற்கு முன் சிறுநீரில் கர்ப்பச் சோதனை. சொல்லவே தேவையில்லாத விஷயம் போலத் தோன்றும், விடுபடுவதும் இதுதான்.

மித்துரி போன்ற கலவைக் குளிசை போடுகிறவர்கள் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரடயோல் எடுப்பதில் பிரயோசனம் இல்லை. குளிசை மூளையை அடக்கிவைத்திருக்கும். அதிலுள்ள எதினைல் ஈஸ்ட்ரடயோலை லாப் இயந்திரம் ஈஸ்ட்ரடயோல் என்று எண்ணாது. எல்லாம் அடிமட்டத்தில் வர, சூலகம் வற்றிவிட்டது என்று வீடு கலங்கும். ஆண் வகை ஓமோன்களைப் பார்ப்பதென்றால் குளிசையை நிறுத்தி மூன்று மாதம் பொறுக்கவேண்டும். அதுவரை கர்ப்பம் தங்காதிருக்க வேறு ஏற்பாடு வேண்டும். மூன்று மாதத்துக்கொரு தரம் போடும் டெப்போ ஊசியென்றால் கடைசி ஊசிக்குப் பிறகு சூல் வெளிவரப் பத்து மாதம் எடுப்பதும் வழமைதான்.

இன்னொன்று இந்த ஊருக்கே உரியது. யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடி ஏறியதும், இருபத்தைந்து நாள் திருவிழாவில் தேருக்கோ தீர்த்தத்துக்கோ தவறாமல் போகவேண்டும் என்று மாதவிடாயைத் தள்ளிவைக்கக் குளிசை வாங்குகிறவர்கள் கனபேர். வழமையாகக் கொடுப்பது நோரெதிஸ்டெரோன் 5 மில்லிகிராம், நாளுக்கு மூன்று தரம், மாதவிடாய் எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாள் முன்னிருந்து. நிறுத்தி இரண்டு மூன்று நாளில் இரத்தம் வரும். அந்த இரத்தம் குளிசை நின்றதால் வந்தது. அதன் மூன்றாம் நாளை நம்பி ஓமோன் சோதனைக்குப் போகாதீர்கள். அதற்கடுத்து இயல்பாக வரும் மாதவிடாயிலிருந்து எண்ணுங்கள். வட்டமே வராதவர்களுக்கு வைத்தியர் தெரிந்தே குளிசை கொடுத்து வரவழைத்து எடுப்பது வேறு கணக்கு. நோரெதிஸ்டெரோனில் ஒரு சிறு பங்கு உடம்பில் எதினைல் ஈஸ்ட்ரடயோலாக மாறும். முன்பு காலிலோ நுரையீரலிலோ இரத்தம் கட்டியவர்கள் இதைக் கடையில் தாங்களாகக் கேட்டு வாங்கக்கூடாது.

ஆண்களுக்கு: நாளைவிட மணி முக்கியம்

டெஸ்டோஸ்டெரோன் விடிய உச்சத்தில் இருக்கும். காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில் எடுக்கவேண்டும். இளம் வயதினருக்குப் பின்னேரம் அது கால்வாசியளவு இறங்கிவிடும். சீனி உள்ளே போனாலும் இறங்கும்: குளுக்கோஸ் குடித்த ஒரு மணித்தியாலத்துக்குள் சராசரி 25 சதவீதம் வரை குறைகிறது. ஆகவே இரவுச் சாப்பாட்டை 9 மணிக்கு முன் முடித்துவிட்டு, விடிய வெறும் தண்ணீர் மட்டும். பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு ஒரு வாய் தேத்தண்ணி என்றாலும் அது சாப்பாட்டுக் கணக்குத்தான். மறுபக்கம், கந்தசஷ்டிக்கு நாட்கணக்காக உபவாசம் இருப்பவர் அந்தக் கிழமையில் எடுக்கவும் வேண்டாம். பல நாள் பட்டினியில் மூளை எல்.எச்.ஐக் குறைத்து டெஸ்டோஸ்டெரோனையும் இறக்கிவிடும்.

நெடுந்தீவிலிருந்து படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி பஸ் பிடித்து வருகிறவர் மணியைத் தவறவிட இடமுண்டு. முதல் நாளே வந்து உறவினர் வீட்டில் நன்றாக நித்திரை கொண்டு எழும்பிப் போவது நல்லது. இரவு கடலுக்குப் போய் விடியக் கரைக்கு வரும் தொழிலாளிக்கு எட்டு மணி என்பது காலையே அல்ல. அவருடைய உடம்புக்கு, நித்திரையால் எழும்பி இரண்டு மூன்று மணித்தியாலத்துக்குள் எடுப்பதே காலை. முடிந்தால் சில நாள் கடலுக்குப் போகாமல் இரவில் நித்திரை கொண்ட பிறகு எடுக்கட்டும். மாரி தொடங்கி டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சலில் கிடந்து எழும்பியவர் ஒரு மாதமாவது பொறுக்கவேண்டும். எந்தக் கடும் வருத்தமும் டெஸ்டோஸ்டெரோனை விழுத்தும். உடம்பு தேறத் தானே ஏறும்.

ஒரு தரம் குறைவாக வந்தால் நோய் என்று எழுதக்கூடாது. இன்னொரு நாள் காலையில் திரும்ப எடுக்கவேண்டும். இரண்டு தரமும் டெசிலீற்றருக்கு 300 நனோகிராமுக்குக் கீழே இருந்து, ஆளுக்கும் ஆசைக்குறைவு, விடிய விறைப்பு இல்லாமை, உடம்பு முடி குறைதல் போன்ற குறிகள் இருந்தால்தான் மேற்கொண்டு எல்.எச்., எஃப்.எஸ்.எச்., பால் சுரக்கவைக்கும் புரொலாக்டின் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். எல்.எச். உயர்ந்திருந்தால், வளர்ந்த பிறகு கூகைக்கட்டு வந்து விதை வீங்கியதா என்று கேட்பார்கள். 47 நிறமூர்த்தம் உள்ள கிளைன்பெல்டர் நிலையையும் தேடுவார்கள். உடம்பு பருத்தவருக்கு இன்னொரு சிக்கல். இரத்தத்தில் ஓடும் டெஸ்டோஸ்டெரோனில் 2 சதவீதம் அளவுதான் தனியாகத் திரிகிறது, மற்றதெல்லாம் எஸ்.எச்.பி.ஜி., அல்புமின் என்ற புரதங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். உடற்பருமனும் தைரொயிட் குறைவும் எஸ்.எச்.பி.ஜி.யைக் குறைக்கும், வயதும் ஈரல் வருத்தமும் கூட்டும். ஆகவே பருத்தவரின் மொத்த எண் 270 என்று வந்தாலும் தனியாகத் திரியும் பங்கு போதுமானதாக இருக்கலாம். எஸ்.எச்.பி.ஜி.யையும் சேர்த்து எடுத்தால்தான் தெரியும்.

சலரோகம் உள்ளவருக்கு விறைப்புக் குறைந்தால் பெரும்பாலும் இரத்தக் குழாயும் நரம்பும்தான் காரணம். முதலில் மூன்று மாதச் சீனி அளவையும் பிரசர் குளிசைகளையும் பாருங்கள். ஓமோன் அதற்குப் பிறகு.

ஜிம்மில் யாரோ சொல்லிப் போடும் ஊசியைப் பற்றி ஒன்று. தாங்கிக்குள் வெளியிலிருந்து பவுசர் தண்ணீரை நிரப்பினால் மிதவை எழும்பி மோட்டர் நின்றுவிடும் அல்லவா, அதேதான். டெஸ்டோஸ்டெரோன் ஊசி போட்டவருக்கு எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வரும்; விதை சுருங்கும். விதைக்குள்ளே இருக்கவேண்டிய டெஸ்டோஸ்டெரோன் செறிவு இரத்தத்தில் உள்ளதைப்போலப் பல பத்து மடங்கு. அதை எந்த ஊசியும் ஈடுசெய்யாது. அதனால் உடம்பு புடைத்திருக்கும், விந்தில் அணு ஒன்றும் இராது. நிறுத்தினால் பெரும்பாலானோருக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருடத்தில் திரும்பும். சிலருக்கு இரண்டு வருடம் ஆகும். பிள்ளை வேண்டும் என்று காத்திருப்பவருக்கு, அளவு குறைவாக இருந்தாலும், டெஸ்டோஸ்டெரோன் மருந்தல்ல.

சோதனையைக் கெடுப்பவை

முடி கொட்டாமல் இருக்க விற்கும் பயோட்டின் குளிசைகளில் 5 முதல் 10 மில்லிகிராம் இருக்கும். உடம்புக்குத் தேவை அதில் நூற்றில் ஒரு பங்கும் இல்லை. பல லாப் இயந்திரங்கள் பயோட்டினைப் பசையாகப் பயன்படுத்தித்தான் ஓமோனைப் பிடிக்கின்றன. இரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் பசை வேலை செய்யாது: எஃப்.எஸ்.எச்., எல்.எச்., தைரொயிடைத் தூண்டும் டி.எஸ்.எச்., புரொலாக்டின் பொய்யாகக் குறையும். டெஸ்டோஸ்டெரோன், ஈஸ்ட்ரடயோல், புரொஜெஸ்டெரோன் பொய்யாகக் கூடும். மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள்.

புரொலாக்டின் பதற்றத்தில் ஏறும் ஓமோன். கிளினிக் வரிசையில் முண்டியடித்து, ஊசியைக் கண்டு நடுங்கியபடி கொடுத்தால் மில்லிலீற்றருக்கு 30, 40 நனோகிராம் என்று வந்துவிடும். எழும்பி இரண்டு மணித்தியாலமாவது கழித்துப் போய், கதிரையில் இருபது முப்பது நிமிடம் சும்மா இருந்த பிறகு கொடுங்கள். முதல் நாள் இரவு உடலுறவும் மார்பைத் தொடுவதும் வேண்டாம். சத்திக்கும் வயிற்று ஊதலுக்கும் போடும் டொம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைட், மனநோய்க்கான ரிஸ்பெரிடோன், ஹலோபெரிடோல் எல்லாம் அதை ஏற்றும். மனநோய்க் குளிசையைச் சோதனைக்காகத் தானே நிறுத்தக்கூடாது. பெயரைத் துண்டில் எழுதினால் போதும். தைரொயிட் குறைவும் புரொலாக்டினை ஏற்றுவதால் டி.எஸ்.எச்.ஐயும் கூட எடுக்கவேண்டும். எண் மில்லிலீற்றருக்கு 200 நனோகிராமைத் தாண்டினாலோ, தலையிடியோடு பக்கப் பார்வை சுருங்கினாலோ தாமதிக்கக்கூடாது. கபச்சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

அலகு மாறினால் நோயும் மாறும்

ஒரு லாப்பில் டெஸ்டோஸ்டெரோன் 4.1, இன்னொன்றில் 410, மூன்றாவதில் 14.2 என்று வரலாம். மூன்றும் ஒன்றுதான்: மில்லிலீற்றருக்கு நனோகிராம், டெசிலீற்றருக்கு நனோகிராம், லீற்றருக்கு நனோமோல். நனோமோலை 28.8ஆல் பெருக்கினால் டெசிலீற்றர்க் கணக்கு. புரொஜெஸ்டெரோன் நனோகிராமை 3.18ஆலும், ஈஸ்ட்ரடயோல் பிக்கோகிராமை 3.67ஆலும் பெருக்கினால் மோல் கணக்கு. புரொலாக்டினில் 25 நனோகிராம் ஏறக்குறைய 530 மில்லி அலகு. எண்ணை வாசிக்க முன் அலகை வாசியுங்கள். திரும்ப எடுக்கும்போது அதே லாப்பில் எடுங்கள்.

சூல்பைகள் முதிராமல் ஆண் வகை ஓமோன் கூடும் பி.சி.ஓ.எஸ். கோளாறு என்று சந்தேகித்தால் எல்.எச்.க்கும் எஃப்.எஸ்.எச்.க்கும் உள்ள விகிதத்தைக் கட்டிப்பிடிக்கவேண்டாம். இப்போது அது நோய் சொல்லும் அளவுகோல் அல்ல. மொத்த டெஸ்டோஸ்டெரோனையும் எஸ்.எச்.பி.ஜி.யையும் நனோமோலில் எடுத்து, முதலாவதை இரண்டாவதால் பிரித்து நூறால் பெருக்கினால் வரும் சுட்டி அதைவிடப் பயன்படும். பெண்ணுக்கு டெஸ்டோஸ்டெரோன் டெசிலீற்றருக்கு 150 நனோகிராமைத் தாண்டி, சில மாதத்துக்குள் முகமுடியும் குரல் தடிப்பும் வந்தால் அது பி.சி.ஓ.எஸ். அல்ல என்று நினைத்தே வேறு காரணத்தைத் தேடவேண்டும். ஸ்கானில் தெரியும் "கட்டிகள்" கட்டிகளே அல்ல, பாதியில் வளர்ச்சி நின்ற சூல்பைகள். கழுத்தின் பின்புறமும் கமக்கட்டும் கறுத்திருந்தால் இன்சுலின் கூடியிருக்கிறது. அது சூலகத்தை ஆண் வகை ஓமோன் செய்யத் தூண்டி, எஸ்.எச்.பி.ஜி.யையும் குறைக்கும். நிறையில் இருபதில் ஒரு பங்கு குறைந்தாலே பலருக்கு வட்டம் திரும்புகிறது.

எடுக்கத் தேவையில்லாதவர்கள்

சாமத்தியப்பட்டு ஒரு வருடத்துக்குள் மாதம் தவறுகிறது என்று பிள்ளையை லாப்புக்குக் கூட்டிப் போகவேண்டாம். எல்.எச். பொங்கும் அந்தத் தலைகீழ் ஒழுங்கு மூளையில் படிய ஒன்றிரண்டு வருடம் வேண்டும். உழுந்தங்களியும் முட்டையும் நல்லெண்ணெயும் நல்ல சாப்பாடு, கொடுங்கள். வட்டத்தை அவை ஒழுங்காக்கா. எட்டு வயதுக்கு முன் மார்பு வளர்ந்தாலோ, 13இலும் வளராவிட்டாலோ, 15இலும் பெரியபிள்ளையாகாவிட்டாலோ, முதல் வருடம் கழிந்த பின் 90 நாளைத் தாண்டி வராமலிருந்தாலோ வைத்தியரிடம் காட்டவேண்டும். பெரியபிள்ளையாகி எட்டு வருடம் வரை, ஸ்கானில் சூலகத்தைப் பார்த்துப் பி.சி.ஓ.எஸ். என்று சொல்வது சரியல்ல. அந்த வயதில் குறையில்லாத பலரின் சூலகமும் அப்படித்தான் தெரியும்.

நாற்பத்தைந்து தாண்டி, உடம்பு திடீரென்று கொதித்து வேர்த்து, மாதம் தவறி வருகிறவருக்கும் எஃப்.எஸ்.எச். தேவையில்லை, இந்த வயதில் அது மாதாமாதம் ஏறி இறங்கும். நாற்பதுக்கு முன் நின்றவருக்குத்தான் அது கட்டாயம்: 25க்கு மேல், நான்கு கிழமை இடைவெளியில் இரண்டு தரம் வந்தால் சூலகம் வேளைக்கே ஓய்கிறது என்று கொள்ளலாம். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்து துளி இரத்தம் பட்டாலும் ஓமோனைப் பார்த்துக்கொண்டிருக்காமல் பெண்நோயியல் நிபுணரிடம் போங்கள்; கருப்பையின் உட்படையைச் சோதிக்கவேண்டும்.

லாப்பில் துண்டைக் கொடுக்கும்போது அதன் மூலையில் கையால் எழுதிக் கொடுக்கவேண்டிய வரி இவ்வளவுதான்: "முதல் நாள் 12ஆம் திகதி, இன்று 3ஆம் நாள், வட்டம் 31 நாள், காலை 8.10, வெறும் வயிறு. கருத்தடைக் குளிசை, ஊசி இல்லை. பயோட்டின் நிறுத்தி நாலு நாள்."